கிளிநொச்சியிலிருந்து வவுனியாவுக்குத் தினமும்: மின்சாரக் கார் தாங்குமா?

கேள்வி: கிளிநொச்சியில் வீடு, வவுனியாவில் வேலை. வாரத்தில் ஐந்து நாள் காரில் போய்வருகிறேன். மாதம் ஒருமுறை குடும்பத்தோடு கொழும்புக்கும் போகவேண்டும். பாவித்த நிசான் லீஃப் மின்சாரக் கார் ஒன்று மலிவாக வருகிறது. வாங்கலாமா?

பதில்: மின்சாரக் கார் உங்களுக்குச் சரிவரும். அந்த லீஃப் சரிவராது.

போக வர ஏறத்தாழ 160 கி.மீ. ஏ9 வீதியில் 70 கி.மீ. வேகத்தில் ஏசி போட்டு ஓடினால் 100 கி.மீ.க்குச் சுமார் 15 அலகு (யூனிட்) மின்சாரம் செலவாகும். நாளுக்கு 24 அலகு. பழைய லீஃப்களின் பற்றரி புதிதாக இருந்தபோதே 24 அல்லது 30 அலகுதான். அதைக் குளிர்விக்கத் திரவ ஓட்டமும் இல்லை, அதனால் வெக்கையில் விரைவாகத் தேயும். மீட்டரில் பற்றரியின் நிலையைக் காட்டும் 12 சிறு கோடுகளை எண்ணிப் பாருங்கள். முதற்கோடு மறைந்தாலே பற்றரியின் கொள்ளளவில் சுமார் 15 வீதம் போய்விட்டது. 9 கோடு மிஞ்சிய 30 அலகுக் காரில் 21 அலகுதான் கிடைக்கும். திரும்பி வரும்போது கிளிநொச்சிக்குச் சற்று முன்னுள்ள முறிகண்டியை எட்டமுன்பே நின்றுவிடும். வவுனியாவில் வேலையிடத்திலேயே சார்ஜ் போட வசதி இருந்தால் மட்டும் அதைப்பற்றி யோசியுங்கள்.

திரவத்தால் குளிரும் 60 அலகுப் பற்றரியுள்ள கார் என்றால் தினப் பயணத்துக்கு அதில் பாதிகூடத் தேவையில்லை. அப்போது கவனம் முழுவதும் வீட்டு வயரிங்கில் இருக்கவேண்டும். பெரும்பாலான சிக்கல் அங்கேதான் வருகிறது.

சாதாரண 13 அம்பியர் சொக்கெட்டில் இரவு முழுக்க 10 அம்பியர் ஓடினால், பிளக்கின் முனையைப் பிடிக்கும் இடம் சற்றுத் தளர்ந்திருந்தாலும் சூடாகி உருகும். எக்ஸ்டென்ஷன் வயர் வேண்டவே வேண்டாம். விற்பவர் தரும் 7 கிலோவாற் சார்ஜர் 32 அம்பியர் இழுக்கும். வீடுகளின் ஒற்றைக்கட்ட (சிங்கிள் ஃபேஸ்) இணைப்போ பெரும்பாலும் 30 அம்பியர்தான். ஆகவே சார்ஜரை 16 அம்பியருக்குக் குறைத்து வையுங்கள். 24 அலகு ஏற ஏழரை மணி நேரம் எடுக்கும், விடியமுன் முடிந்துவிடும். அந்த நேரத்தில் கிணற்று மோட்டரையும் கேத்தலையும் ஒன்றாகப் போடாதீர்கள்.

மெயின் போர்டிலிருந்து சார்ஜருக்கென்றே தனி வயர் இழுக்கவேண்டும்: 4 சதுர மி.மீ. செப்பு, 20 மீற்றருக்கு மேல் தூரமென்றால் 6. அதற்குத் தனி 20 அம்பியர் பிரேக்கரும் மின்கசிவு ஏற்பட்டால் துண்டிக்கும் தனி ட்ரிப் சுவிட்சும் வேண்டும். எர்த்தைக் கட்டாயம் அளந்து பார்க்கச் சொல்லுங்கள். கோடையில் மண் காய எர்த்தின் தடை கூடும். மாரியில் ஒழுங்காக ஏறிய கார் ஓகஸ்ட்டில் பிழை காட்டி நிற்பதற்கு இது ஒரு காரணம். குளிக்கும் தண்ணீர் ஓடி எப்போதும் ஈரமாயிருக்கும் இடத்தில், முதல் எர்த் கம்பியிலிருந்து குறைந்தது ஒரு கம்பி நீளம் தள்ளி, இரண்டாவது கம்பி அடித்து இரண்டையும் இணைத்தால் தீரும்.

கொழும்பு 330 கி.மீ. வரும், சுமார் 50 அலகு வேண்டும். ஒரே மூச்சில் போகலாம் போலத் தெரியும், ஆனால் போகாதீர்கள். தென்மேற்கிலிருந்து சோளகக் காற்று வீசும் மே முதல் செப்டெம்பர் வரை தெற்கே போகையில் எதிர்காற்று. செலவு பத்து வீதமாவது கூடும். தம்புள்ளையிலோ குருநாகலிலோ 50 கிலோவாற் சார்ஜரில் அரை மணி நேரம் நின்றால் 20 அலகு ஏறும், பிள்ளைகளும் சாப்பிட்டு முடிப்பார்கள். 80 வீதத்துக்குப் பிறகு ஏறும் வேகம் குறையும், அதற்கு மேல் காத்திருப்பதில் பயனில்லை. புறப்படமுன் அங்கே தொலைபேசி எடுத்து, இயந்திரம் வேலை செய்கிறதா, உங்கள் காரின் பிளக் பொருந்துமா என்று கேளுங்கள்: லீஃபுக்கு சாடெமோ, புதிய கார்கள் பலவற்றுக்கு சிசிஎஸ்2. கையிருப்பு 25 வீதத்துக்குக் கீழே போகமுன் முதல் நிலையத்தை அடையும்படி திட்டமிட்டால், அது பழுதாயிருந்தாலும் அடுத்ததற்குப் போய்விடலாம்.