அம்மாவின் கண்ணில் ஸ்டெம் செல் ஊசி: பணம் கட்டுவதற்கு முன்
அம்மாவுக்கு விழித்திரை மையச் சிதைவு, வயிற்றுக் கொழுப்பிலிருந்து ஸ்டெம் செல் எடுத்து இரண்டு கண்ணிலும் ஊசி போடுவதாகச் சொல்கிறார்கள், பணம் கட்டலாமா என்று கேட்டிருந்தீர்கள். கட்டாதீர்கள். ஃபுளோரிடாவில் இப்படி ஒரே நாளில் இரண்டு கண்ணிலும் போட்டுக்கொண்ட மூன்று பெண்களுக்குப் பார்வை பெருமளவு போய்விட்டது. 2017-இல் மருத்துவ இதழில் வெளியான விஷயம்.

உண்மையான ஆராய்ச்சி நிதானமாகத்தான் நகர்கிறது. 2014-இல் ஜப்பானின் கோபேயில், எழுபதைக் கடந்த ஒரு பெண்மணியின் தோல் செல்லை ஐபிஎஸ் செல்லாக, அதாவது உடம்பின் எந்த வகைச் செல்லாகவும் வளரக்கூடிய ஸ்டெம் செல்லாக மாற்றி, அதிலிருந்து விழித்திரை நிறமிச் செல்களை மெல்லிய ஏடாக வளர்த்து, ஒரே ஒரு கண்ணில் பொருத்தினார்கள். பார்வை மேலும் குறையவில்லை, அவ்வளவுதான், கூடவும் இல்லை.

அப்புறம், அம்மாவுக்கு இருப்பது ஈர வகையா உலர் வகையா? ஈர வகை என்றால், அதாவது விழித்திரைக்கு அடியில் தேவையில்லாத ரத்தக்குழாய்கள் வளர்ந்து கசிகிறது என்றால், அந்த வளர்ச்சியைத் தடுக்கும் விஇஜிஎஃப் தடுப்பு ஊசி இருக்கிறது. அதைத் தள்ளிப்போடாதீர்கள்.