4 அடி அலமாரிக்குள் 55 அங்குல டிவி அடங்குமா? மூலைவிட்ட அளவிலிருந்து அகலத்தைக் கணக்கிடுவது எப்படி?

மூலைவிட்ட அளவை 0.8716 ஆல் (சுருக்கமாக 0.87) பெருக்கினால் திரையின் அகலம் கிடைத்துவிடும். 55 அங்குலத்துக்கு அது 48 அங்குலத்துக்குச் சற்றுக் குறைவு, அதாவது 121.8 செ.மீ. ஆனால் 4 அடி என்று குறிப்பிட்டுக் கேட்டிருப்பதால், ஆசாரி வேலையை முடித்துக் கொடுத்துவிட்டார், டிவி மட்டும் இன்னும் வாங்கவில்லை என்று எடுத்துக்கொள்கிறேன். நானும் அதே நிலையில் இருந்தவன் என்பதால் கணக்கோடு நிறுத்திக்கொள்ள மனம் வரவில்லை.

கணக்கு இதுதான். இன்றைய டிவிகளின் திரை 16:9 விகிதத்தில் அமைந்தது. 16இன் வர்க்கம் 256, 9இன் வர்க்கம் 81, கூட்டினால் 337, அதன் வர்க்கமூலம் 18.36. ஆகவே அகலம் என்பது மூலைவிட்டத்தில் 18.36க்கு 16 பங்கு. நீளத்தில் எட்டில் ஒரு பங்கைக் கழித்து உயரத்தில் பாதியைச் சேர்த்தால் கர்ணம், அதாவது மூலைவிட்டம், வந்துவிடும் என்று பழந்தமிழ்ப் பாடல் ஒன்றைக் காட்டி இணையத்தில் பலரும் பகிரும் முறையை இங்கே பயன்படுத்த வேண்டாம். பழைய 4:3 திரைக்கு அது மிகச் சரியாக 5 என்று விடை தரும், 16:9க்கோ 18.5 என்று தரும். அதை நம்பினால் 55 அங்குலத் திரையின் அகலம் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் குறைவாகத் தெரியும். நம் முன்னோரின் கணக்கறிவைக் குறைத்துப் பேசுகிறேன் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். வர்க்கமூலம் இல்லாமல் இவ்வளவு நெருங்கி வருவது உண்மையிலேயே அழகான வழிதான். அலமாரி விஷயத்தில் அந்த ஒரு சென்டிமீட்டர் நமக்குக் கட்டுப்படியாகாது, அவ்வளவுதான்.

எங்கள் நங்கநல்லூர் வீட்டில், கூடத்துச் சுவரை ஒட்டி, உள்ளளவு 4 அடி வருமாறு தேக்கு பீடிங் (விளிம்பில் அடிக்கும் மரப்பட்டை) வைத்த அலமாரி ஒன்றைச் செய்து வைத்திருந்தோம். 4 அடி என்றால் 121.9 செ.மீ. தி.நகரில் ஒரு கடையில் விசாரித்தபோது, "நாலடிக்குள்ள தாராளமா நிக்கும் சார்" என்றார் விற்பனையாளர். நான் அவரை மட்டும் நம்பவில்லை. அங்கேயே நின்று கணக்கிட்டு, 121.8 என்று வந்த பிறகே பணம் கட்டினேன். மறுநாள் டிவி வந்தது. இருவர் தூக்கி வைக்கப் பார்த்தார்கள். இடப்பக்கம் உள்ளே போனது, வலப்பக்க மூலை பீடிங்கில் இடித்து நின்றது. அப்பா தன்னுடைய இரும்பு டேப்பை எடுத்து வந்து டிவியின் முதுகுப்புறம் பிடித்தார்: 123.2. "ஓரத்தைச் சேத்துப் பாத்தியாப்பா?" என்று மட்டும் கேட்டார். மூலைவிட்டம் ஒளிரும் திரையை மட்டுமே அளக்கிறது, அதைச் சுற்றியிருக்கும் சட்டத்தை அளப்பதில்லை என்பது எனக்கு அந்தக் கேள்வியில்தான் உறைத்தது.

பெட்டியைப் பிரித்துவிட்டதால் திருப்பி எடுக்க முடியாது என்று கடையில் சொல்லிவிட்டார்கள். நீள, அகல, உயரம் மூன்றும் தயாரிப்பாளரின் விவரத்தாளில் இருக்கும்போது, கடையில் தொங்கும் அட்டையில் மட்டும் விலையும் மூலைவிட்டமும் ஏன் என்பது எனக்கு இன்றுவரை ஆறாத கோபம். போதாததற்கு, நம் ஊரில் பெட்டியின் மேல் 55 அங்குலத்தை 138 அல்லது 139 செ.மீ. என்று பெரிய எழுத்தில் அச்சிடுகிறார்கள்; அதுதான் அகலம் என்று நினைத்துப் பயந்து சிறிய டிவியை வாங்கிச் சென்ற உறவினர் ஒருவரும் எங்கள் வீட்டில் உண்டு.

கடைசியில் ஆசாரி வந்து இரு பக்கமும் அரை அங்குல பீடிங்கைக் கழற்றினார். இப்போது டிவி உள்ளே நிற்கிறது, பக்கத்துக்கு 6 மி.மீ. இடைவெளியோடு. ஆனால் எச்டிஎம்ஐ துளைகள் பக்கவாட்டில் இருப்பதால், செட்டாப் பாக்ஸ் ஒயரைக் கழற்ற வேண்டுமென்றால்கூட இருவர் சேர்ந்து டிவியை முன்னால் இழுக்க வேண்டியிருக்கிறது. விரல் நுழையாத இடத்தில் வெப்பமும் நன்றாக வெளியேறாது.

எல்லா 55 அங்குல டிவியும் 123.2 செ.மீ. தான் இருக்கும் என்று நான் சொல்லவில்லை. மாடலுக்கு மாடல் சட்டம் மாறும். ஆகவே 0.87 கணக்கைக் கொண்டு எந்த அளவு டிவியைப் பார்ப்பது என்று முடிவு செய்யுங்கள். வாங்கும் முன் அந்த மாடலின் முழு அகலத்தை விவரத்தாளில் பார்த்து, அலமாரியின் உள்ளளவை மேலே, நடுவே, கீழே என மூன்று இடத்தில் டேப் பிடித்து, இருப்பதில் குறைவானதோடு ஒப்பிடுங்கள். உங்கள் 4 அடிக்கு 50 அங்குலம் என்றால் திரை 110.7 செ.மீ.; சட்டத்தோடு 112 என்றே வைத்துக்கொண்டாலும் பக்கத்துக்கு ஏறத்தாழ 5 செ.மீ. மிஞ்சும், கை தாராளமாக உள்ளே போகும்.