வாரியத்துக்கு யார் பதில் சொல்வது?

கேள்வி: தோட்டத்தில் 30 ஆண்டுக்கு மேல் உழைத்த என் அப்பாவின் மனுவை ஒரு வாரியம் நிராகரித்துவிட்டது. விசாரிக்க சிரம்பானுக்கு மூன்று முறை பஸ் ஏறிப் போனேன். வாரியத்தில் கேட்டால் “அமைச்சின் விதி அப்படி” என்கிறார்கள். அமைச்சுக்குப் போன் செய்தால் “அது தனி வாரியம், நாங்கள் தலையிட முடியாது” என்கிறார்கள். இது அரசாங்கமா, இல்லையா? இந்தப் பாதி அரசாங்கங்களை இழுத்து மூடிவிட்டு அமைச்சே எல்லாவற்றையும் நடத்தினால் என்ன?
— ஒரு வாசகி, பகாவ், மலேசியா

பதில்: மூடக் கூடாது, சகோதரி. உங்கள் கோபம் முழுக்க நியாயம். ஆனால் நீங்கள் கேட்கும் தீர்வு உங்கள் அப்பாவுக்கே பாதகமாக முடியும்.

அப்பாவின் சம்பளச் சீட்டை எடுத்துப் பாருங்கள். மாதாமாதம் ஊழியர் சேமநிதிக்குப் பிடித்த காசு அதில் இருக்கும். 1951-ல் தொடங்கிய அந்த வாரியம் நிதியமைச்சின் கீழ்தான் வருகிறது. ஆனால் அங்கே சேர்ந்திருப்பது உங்கள் அப்பாவின் காசும் அவர் முதலாளி போட்ட காசும். ஓர் இலாகா வசூலிக்கும் காசு அரசாங்கக் கஜானாவுக்குப் போகும். அது செலவு செய்ய வேண்டுமென்றால் ஆண்டுதோறும் வரவு செலவுத் திட்டத்தை எதிர்பார்த்து நிற்க வேண்டும். தொழிலாளியின் சேமிப்பு அப்படிக் கஜானாவோடு கலந்துவிடக் கூடாது. தனிச் சட்டமும் தனிக் கணக்கும் அரசு, முதலாளி, தொழிலாளர் என மூன்று தரப்பும் உட்காரும் வாரியமும் இதற்காகவே வந்தன. தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோவின் கதை இன்னும் தெளிவானது. 1969-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 1971-ல் அரசாங்க இலாகாவாகத் தொடங்கியது. 1985 ஜூலை 1-ஆம் தேதி அதைச் சட்டப்பூர்வ அமைப்பாக மாற்றினார்கள். வருமான வரி இலாகாவும் 1996-ல் வாரியமானது. இலாகாவாக இருந்ததைத்தான் யோசித்துப் பிரித்திருக்கிறார்கள்.

அப்படியானால் எங்கே கோளாறு? பிரித்த பிறகு யார் எதற்குப் பதில் சொல்வது என்பதில்.

நம் ஆட்களுக்கு இந்தப் பாதி அரசாங்கம் புதிதில்லை. 1907-லேயே மலாயாவில் தமிழர் குடியேற்ற நிதி என்று ஒன்று உண்டானது. ஒவ்வொரு தோட்டத்திலும் தமிழ்த் தொழிலாளர் எவ்வளவு வேலை செய்தார்கள் என்று கணக்குப் பார்த்து முதலாளிகளிடம் வரி வாங்கினார்கள். தொழிலாளர்களை இங்கே கொண்டுவரும் கப்பல் செலவு அந்தக் காசிலிருந்து போனது. அதை நடத்திய குழுவில் அதிகாரிகளும் தோட்ட முதலாளிகளும் உட்கார்ந்தார்கள். ரப்பர் பால் வெட்டியவர்களுக்கு அங்கே நாற்காலி கிடையாது. 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் கூலியை நிர்ணயிக்கும் அதிகாரத்தையும் அதே குழுவின் கையில் கொடுத்தது. கூலி குறைந்தபோது தோட்டக் குடியிருப்பான லயத்தில் இருந்தவர்கள் யாரிடம் போய்க் கேட்பது? தோட்டக் கணக்கரான கிராணியைக் கேட்டால் துரை, துரையைக் கேட்டால் கமிட்டி. 1938-ல் இந்தியா தொழிலாளர்களைச் செலவு கொடுத்து அனுப்புவதை நிறுத்தியதும் அந்த நிதிக்கு வேலை இல்லாமல் போனது. மிச்சம் இருந்தது 1958-ல் தென்னிந்தியத் தொழிலாளர் நிதி என்று பெயர் மாறி, 1999-ல் கலைக்கப்பட்டது. நம் பெயரில், நம் தலையை எண்ணி வசூலித்த காசு அது. அதன் கணக்கு என்ன ஆனது என்று நம்மில் எத்தனை குடும்பத்துக்குத் தெரியும்? இதை எழுதும்போது எனக்கு இப்போதும் மனம் கொதிக்கிறது.

பிரிட்டனைப் பாருங்கள். அங்கே 1988-க்குப் பிறகு அமைச்சுகளுக்கு உள்ளேயே முகமைகளை உருவாக்கினார்கள். கொள்கை அமைச்சருக்கு, அன்றாட நடைமுறை முகமைத் தலைவருக்கு என்பது ஏற்பாடு. 1993-ல் சிறைத்துறை அப்படி ஒரு முகமையானது. 1994 செப்டம்பரில் விட்மோர் சிறையிலிருந்தும் 1995 ஜனவரியில் பார்க்கர்ஸ்ட் சிறையிலிருந்தும் கைதிகள் தப்பினார்கள். உள்துறை அமைச்சர் மைக்கேல் ஹாவர்ட், இது நடைமுறைக் கோளாறு என்று சொல்லி முகமைத் தலைவர் டெரிக் லூயிசை வேலையிலிருந்து நீக்கினார். அன்றாட வேலையில் அமைச்சர் ஓயாமல் தலையிட்டார் என்பது லூயிசின் குற்றச்சாட்டு. ‘லூயிசின் முடிவை மீறுவேன் என்று மிரட்டினீர்களா?’ என்று 1997-ல் பிபிசியின் ஜெரமி பாக்ஸ்மன் ஹாவர்டிடம் ஒரே கேள்வியைப் பன்னிரண்டு முறை கேட்டார். நேரான பதில் வரவில்லை. தலையிடும்போது அமைச்சு, தவறு நடந்தால் முகமை. உங்களுக்கு சிரம்பானில் நடந்தது இதன் சின்ன வடிவம்.

ஆனால் நம் நாட்டு வாரியங்களுக்கும் அந்த முகமைகளுக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. உங்களுக்கு உதவப் போவது அதுதான். பிரிட்டன் முகமைகளில் பலவற்றுக்குச் சொந்தச் சட்டம் கிடையாது. மலேசிய இந்தியர் மேம்பாட்டுக்கான நம் ‘மித்ரா’ பிரிவும் அந்த வகைதான். சட்டத்தில் பிறந்த வாரியமாக இல்லாமல் ஒரு பிரிவாகவே இருப்பதால், 2018-க்குப் பிறகு பிரதமர் துறைக்கும் ஒற்றுமைத்துறை அமைச்சுக்கும் இடையில் அதை மாற்றி மாற்றி வைக்க முடிந்தது. அதற்கு ஒரு தனிச் சட்டம் வேண்டும் என்று நம் தலைவர்கள் மேடையில் கேட்க வேண்டும். மாலை மரியாதைக்கு நேரம் இருப்பவர்களுக்கு இதற்கும் நேரம் இருக்க வேண்டும்.

சட்டத்தால் உண்டான வாரியம் அப்படி நழுவ முடியாது. 1980-ஆம் ஆண்டின் 240-வது சட்டப்படி அது ஆண்டுக் கணக்கும் அறிக்கையும் கொடுக்க வேண்டும். அவை நாடாளுமன்றத்துக்குப் போகும். தலைமைக் கணக்காய்வாளர் கணக்கைத் தணிக்கை செய்வார். முறையீட்டுக்கு வழி உண்டா என்பது பெரும்பாலும் அந்தந்தச் சட்டத்திலேயே இருக்கும். உதாரணமாக, சொக்சோ சட்டத்தில் மருத்துவக் குழுவின் முடிவை எதிர்த்து மேல்முறையீட்டு மருத்துவக் குழுவுக்குப் போகலாம். மற்ற வழக்குகளுக்குத் தனி மேல்முறையீட்டு மன்றம் இருக்கிறது.

இனி உங்களிடம் ஒரு கேள்வி, கோபித்துக்கொள்ளாதீர்கள். மூன்று முறை போனீர்களே, நிராகரிப்பை எழுத்தில் வாங்கினீர்களா? உங்கள் கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரியும் இல்லை. கவுண்டரில் வாயால் சொன்ன பதிலை வைத்துக்கொண்டு எங்கேயும் முறையிட முடியாது. நம் தோட்டப் பக்கத்தில் இது பெரிய பலவீனம். கடிதம் கேட்பதை விட்டு, கட்சிக் கிளைத் தலைவரைப் பிடித்து ஒரு போன் போடச் சொல்கிறோம். போன் போட்டால் ஒரு மனு நகரும். பக்கத்து லயத்து ஆயாவின் மனு அப்படியே கிடக்கும். அந்த வாரியத்தின் மீது எந்தப் பதிவும் ஏறாது.

நான்காவது முறை போகும்போது அப்பாவைக் கூட்டிக்கொண்டு, அடையாள அட்டையையும் எடுத்துக்கொண்டு போங்கள். எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவின்படி நிராகரித்தார்கள், எத்தனை நாளுக்குள் எங்கே மேல்முறையீடு செய்ய வேண்டும், இந்த இரண்டையும் எழுதித் தரச் சொல்லுங்கள். “அமைச்சின் விதி” என்று மறுபடி சொன்னால், அந்த விதியின் எண்ணைக் கேளுங்கள். எழுதித் தர மறுத்தால், நீங்களே ஒரு கடிதம் எழுதி, நகல் ஒன்றில் அலுவலக முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். அந்த நகல் ஒன்றை எங்களுக்கும் அனுப்புங்கள். அடுத்த இதழில் உங்கள் பெயர் இல்லாமல், அந்தக் கேள்வியை நானே அமைச்சுக்கும் வாரியத்துக்கும் சேர்த்து எழுதுகிறேன்.