சாரல்ல இலைய மண்ணுல குத்தி வச்சா அழுகத்தான் செய்யும்

கேள்வி: வணக்கம் சார், எங்களுக்கு செங்கோட்டை பக்கம் புளியரை. திருச்சூர் போனப்போ மண்ணுத்தியில எச்சிவேரியா செடி ஒண்ணு வாங்கிட்டு வந்தேன், ரோஜாப்பூ விரிஞ்ச மாதிரி இருக்குமே அது. இலைய பிச்சு வச்சாலே வரும்னு வீடியோ பாத்துட்டு ஆனி மாசம் இருபது இலைய மண்ணுல குத்தி வச்சு தினம் தண்ணி தெளிச்சேன், எல்லாம் கண்ணாடி மாதிரி ஆயி அழுகிப் போச்சு. தாய்ச்செடியும் கீழ இலை இல்லாம நெட்டையா நிக்குது. ஸ்நேக் பிளான்ட் இலை வெட்டி வச்சது முளைச்சிருக்கு, ஆனா மஞ்சக்கரை இல்லாம வெறும் பச்சையா வருது, ஏன் சார்?

பதில்: வணக்கம்மா. வீடியோல சொன்னது தப்பில்ல, மாசம்தான் தப்பு. எச்சிவேரியாவுக்கு சொந்த ஊரு மெக்சிகோ, காஞ்ச மலைச்சரிவுல வளர்ற செடி, தண்ணிய இலையிலயே சேத்து வச்சுக்கும். நீங்க இருக்கறது ஆரியங்காவு கணவாய் வாசல்ல, ஆனி ஆடில கொடியில போட்ட துணியே ரெண்டு நாளைக்கு காயாது, அதுல பிச்ச காயத்தோட இலைய ஈரமண்ணுல குத்துனா எப்படிம்மா பொழைக்கும். நானே ஒரு ஆடில காத்து படக்கூடாதுன்னு பாலிதீன் கவர் போட்டு மூடி ஒரு டிரே இலையையும் கொழகொழன்னு ஆக்கினவன்தான்.

தை பொறந்ததும் ஆரம்பிங்க, பங்குனி வரைக்கும் நல்ல காலம். இலைய நடுவுல பிடிச்சு இடமும் வலமுமா மெதுவா அசைச்சா டக்குனு கழண்டு வரும், அடிப்பக்கம் முழுசா இருக்கணும், பாதி தண்டுலயே ஒட்டிக்கிட்டா அந்த இலை வேர் விட்டாலும் குட்டி போடாது, ஏன்னா முளைக்கிற கண்ணு அந்த அடி நுனியிலதான் இருக்கு. நம்மூர் ரணகள்ளி வேற மாதிரி, அதுக்கு கண்ணு இலை ஓரம் பூரா இருக்கும், அதான் கட்டிப்போட்டால் குட்டிபோடும்னு பேரு வச்சாங்க, உங்களுக்கு அந்தாண்ட மலையாளத்துல இலமுளச்சி. அதப் பாத்து பழகின கை எச்சிவேரியாவையும் அப்படியே நெனச்சுக்குது.

பிச்ச இலைய பேப்பர்ல பரப்பி நிழல்ல நாலஞ்சு நாள் போடுங்க, காயம் பொருக்கு தட்டுன மாதிரி காஞ்சதும் மண்ணு மேல சும்மா படுக்க வைங்க, குத்த வேண்டாம். வெறும் தோட்டத்து மண்ணு இதுக்கு ஈரம் அதிகமா வச்சுக்கும், அதனால பருமணல் ஒரு பங்கு, பொடிசா ஒடச்ச செங்கல் ஒரு பங்கு, மக்குன இலையுரம் ஒரு பங்கு போதும். வேர் வர்ற வரைக்கும் தண்ணியே வேண்டாம். ரெண்டு மூணு வாரத்துல ரோஸ் கலர் நூலு மாதிரி வேர் எட்டிப் பாக்கும், அப்புறம் கடுகு அளவுல குட்டி ரோஜா, அப்பத்துல இருந்து மண்ணு காஞ்சா மட்டும் லேசா தெளிங்க. பழைய இலை சுருங்குதேன்னு பிச்சுப் போட்டுறாதீங்க, குட்டிக்கு அதுதான் பால். இருபது வச்சா இருபதும் வராது, பத்து வந்தாலே நல்ல கைதான்.

ஸ்நேக் பிளான்ட்ல அந்த மஞ்சக்கரை இலைத்துண்டு வழியா குட்டிக்கு போகாதும்மா, எத்தன தடவ வச்சாலும் பச்சையாதான் வரும். மஞ்சக்கரை வேணும்னா தொட்டிய கவுத்து கிழங்கோட பிரிச்சு நடணும். பச்சைய தூக்கிப் போட்டுறாதீங்க, நாரு உரிப்பாங்களே நம்ம மருள், அதுக்கு சொந்தக்காரன்தான், எந்த மூலையில வச்சாலும் கெடக்கும்.

நெட்டையா போன தாய்ச்செடிக்கு வெளிச்சம் பத்தல. மழ இல்லாத வாரமா பாத்து தலைய மட்டும் ஒரு இஞ்ச் தண்டோட பிளேடால வெட்டுங்க, அதையும் ஒரு வாரம் காய வச்சு நடுங்க. மொட்டையா நிக்கிற அடித்தண்ட பிடுங்காம காலை வெயில் படுற எடத்துல வைங்க, கணுவுல குட்டிகள் வரும். இலை இடுக்குல மாவுப்பூச்சி இருக்கான்னு மட்டும் வெட்டுறதுக்கு முன்னாடி பாத்துருங்க, இருந்தா குட்டியோட சேந்து அதுவும் பெருகிடும்.