சொல்ல ஒன்றுமில்லாத சூப்

அன்புள்ள ஐயா,

கோவையில் பம்பு தயாரிக்கும் ஒரு நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். உங்கள் பயணக் கட்டுரைகளைத் தொடர்ந்து வாசிப்பவன். ஜனவரியில் அலுவலக வேலையாக ஒசாகா போயிருந்தேன். கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மட்டும் எனக்கென்று கிடைத்தது. அதை வீணாக்கக் கூடாது என்று விடிந்ததும் கிளம்பிவிட்டேன்.

விடுதியில் காலை உணவுக்கு நாட்டோ. நூல் நூலாக இழுபடும் அந்த நொதித்த சோயா இரண்டு வாய்க்கு மேல் இறங்கவில்லை. அப்புறம் ஒசாகா கோட்டை. குரோமோன் சந்தையில் தலைக்குள் காடை முட்டை வைத்துக் குச்சியில் குத்திய குட்டி ஆக்டோபஸ். மாலையில் ஷின்செகாய், சுடென்காக்கு கோபுரம், அங்கே குச்சியில் குத்திப் பொரித்த குஷிகாட்சு. இரவு டோட்டோன்போரியில் ஓடும் மனிதன் விளம்பரத்துக்கு முன்னால் செல்ஃபி, ஆக்டோபஸ் துண்டு வைத்த மாவு உருண்டை டகோயாகி, கடைசியாக விஷ மீன் ஃபுகு, காட் மீனின் விந்துப்பை. எல்லாவற்றையும் வீடியோ எடுத்தேன். நண்பர்கள் என்னைத் தைரியசாலி என்கிறார்கள். நடுவில் பசிக்கு ஒரு ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் உடோன் என்ற தடித்த நூடுல்ஸ் சூப் சாப்பிட்டேன். வெறும் சூப்தான், சொல்ல ஒன்றுமில்லை. நூடுல்ஸை மட்டும் தின்றுவிட்டு எழுந்துவிட்டேன்.

எதையும் தயங்காமல் சாப்பிடுவதுதானே திறந்த மனம்? அடுத்த முறை இதைவிட விநோதமாக என்ன சாப்பிடலாம்? அடுத்த வருடம் அம்மாவையும் அழைத்துப் போக ஆசை. அவர் சுத்த சைவம். சரிப்படுமா?

ம., கோவை

அன்புள்ள ம.,

கிடைத்த ஒரே ஞாயிற்றுக்கிழமையில் அறையில் படுத்துத் தூங்காமல் ஊரைப் பார்க்கக் கிளம்பினீர்களே, அதற்காகவே உங்களைப் பிடித்துவிட்டது. கூட்ட அறையையும் விமான நிலையத்தையும் மட்டும் பார்த்துவிட்டு வந்து, ‘அந்த ஊரில் ஒன்றும் இல்லை’ என்று தீர்ப்பு சொல்பவர்கள் நிறையப் பேர். நீங்கள் நடந்திருக்கிறீர்கள். அம்மாவை அழைத்துப் போக நினைப்பது இன்னும் பிடித்திருக்கிறது.

ஆனால் அந்த உடோன் வரியில் எனக்குக் கோபம் வந்தது. இன்னும் தணியவில்லை.

மற்றவற்றை முதலில் முடித்துவிடுகிறேன். ஃபுகு தின்பதில் தைரியம் ஒன்றுமில்லை. அதன் ஈரலிலும் சினைப்பையிலும் டெட்ரோடோடாக்சின் என்ற விஷம் இருக்கிறது. அவற்றைக் கவனமாக எடுத்துப்போடப் பயிற்சி பெற்று, உரிமம் வாங்கியவர்தான் அந்த மீனில் கை வைக்கலாம். ஈரலைப் பரிமாறுவதற்கே அங்கே தடை. 1975இல் கபுகி நாடக நடிகர் எட்டாம் பாண்டோ மிட்சுகோரோ கியோட்டோவில் இறந்துபோனது அந்த ஈரலைச் சாப்பிட்டுத்தான். உங்கள் தட்டுக்கு வந்தது பக்குவமாகச் சுத்தம் செய்த மீன். கத்தி பிடித்தவரின் படிப்பில் நீங்கள் பத்திரமாக இருந்தீர்கள், அவ்வளவுதான். நாட்டோ இறங்கவில்லை என்றால் விட்டுவிடுங்கள். ஒசாகாக்காரர்களிலேயே அதைத் தொடாதவர்கள் உண்டு, அது கிழக்கு ஜப்பானின் காலை உணவு. கோட்டையைப் பற்றி நீங்கள் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள், நானும் ஒன்று எழுதிவிடுகிறேன்: இப்போது நிற்பது 1931இல் ஊர் மக்கள் நன்கொடை திரட்டி கான்கிரீட்டில் எழுப்பிய கோபுரம்.

இனி உடோன்.

‘வெறும் சூப்’ என்கிறீர்களே, அது எங்கிருந்து வந்தது தெரியுமா? ஜப்பானின் வடகோடியில் ஹொக்கைடோ. அங்கே குளிர்ந்த கடலில் கொன்பு என்ற பாசி ஆள் உயரத்தைத் தாண்டி வளர்கிறது. கோடையில் படகில் போய், நீண்ட கழிகளால் முறுக்கி இழுத்து, கரையில் கூழாங்கற்கள் மேல் பரப்பிக் காயவைக்கிறார்கள். ஷோகன் என்ற படைத்தலைவர்கள் நாட்டை ஆண்ட எடோ காலத்தில் கிடாமாயே என்ற வணிகக் கப்பல்கள் அதை ஏற்றிக்கொண்டு மேற்குக் கரையோரமாகவே இறங்கி, ஷிமோனோசெகி நீரிணையைச் சுற்றி, உள்நாட்டுக் கடல் வழியாக ஒசாகாவுக்கு வரும். கூடவே ஹெரிங் மீன் உரமும் வரும், ஒசாகாவைச் சுற்றியிருந்த பருத்திக் காடுகளுக்கு. நாடெங்கிலும் இருந்து அரிசி வந்து குவிந்த ஊர் அது. 1730இல் டோஜிமாவில் அரிசியை முன்பேரமாக விற்கவும் வாங்கவும் ஷோகன் அரசே அனுமதி கொடுத்தது. அதனால்தான் ஒசாகாவை ‘நாட்டின் அடுக்களை’ என்று சொல்வார்கள். அந்த அடுக்களையின் அடியில் கிடந்த பண்டம் கொன்பு. ஹகோடாட்டே பக்கத்து மாகொன்பு என்றால் ஒசாகாக்காரர்களுக்கு உயிர். பக்கத்திலிருக்கும் சகாய் நகரம் கத்திக்குப் பேர்போனது. அங்கே காய்ந்த கொன்பைக் காற்றில் பறக்கும் அளவுக்கு மெல்லிசாகச் சீவும் கைத்தொழில் ஒன்று தனியாகவே வளர்ந்தது.

ஒசாகாவின் தண்ணீர் மென்நீர். கொன்பு அதில் நன்றாக இறங்கும். டோக்கியோ பக்கம் தண்ணீர் கொஞ்சம் கடினம், அங்கே மீனும் கறுத்த சோயா சாஸும் முன்னால் வந்துவிட்டன. அதனால்தான் டோக்கியோவில் உடோன் சூப் கறுப்பாக, கிண்ணத்தின் அடி தெரியாமல் இருக்கும். ஒசாகாவில் அடி தெரியும். நீங்கள் மெல்லிசான சூப் என்று நினைத்து ஏமாந்தது இந்த நிறத்தைப் பார்த்துத்தான் என்று நினைக்கிறேன். இந்த வித்தியாசம் அங்கே விளையாட்டுப் பேச்சு இல்லை. நிசின் நிறுவனம் விற்கும் டோன்பெய் என்ற கோப்பை உடோனில் கிழக்கு ஜப்பானுக்கு ஒரு சூப், மேற்கு ஜப்பானுக்கு வேறு சூப். கோப்பையில் சின்னதாக ‘இ’ அல்லது ‘டபிள்யூ’ என்று ஆங்கில எழுத்து அச்சடித்திருக்கும். வெந்நீர் ஊற்றித் தின்னும் பண்டத்திலேயே விட்டுக்கொடுக்காதவர்கள், ம.

நான் ஒசாகாவில் தங்கியிருந்த வீட்டுக்குக் கீழே ஒரு உடோன் கடை, ஒரு பெரியவரும் அவருடைய மகளும் நடத்தியது. இரவு கடை அடைக்கும்போது பெரியவர் கொன்புத் துண்டை ஈரத்துணியால் மெதுவாகத் துடைப்பார். அதன் மேல் வெள்ளையாக மாவு படிந்திருக்கும், அதைக் கழுவிவிட மாட்டார், ருசி அதில் இருக்கிறது. பச்சைத் தண்ணீரில் போட்டு மூடிவிட்டுப் போவார். காலையில் அடுப்பைச் சிறு தீயில் வைத்துவிட்டுப் பக்கத்திலேயே நிற்பார். பாத்திரத்தின் அடியிலிருந்து சின்னச் சின்னக் குமிழிகள் கிளம்பும், தண்ணீர் கொதிக்கப்போகிறது என்ற கணம், கொன்பை வெளியே எடுத்துவிடுவார். கொதிக்கவிட்டால் கொழகொழப்பும் பாசி வாடையும் ஏறிவிடும். அப்புறம் கட்சுவோபுஷி என்ற காய்ந்த மீனின் சீவலை கை கையாக அள்ளிப் போடுவார். அது மிதந்து, நனைந்து, மெதுவாக இறங்கும். துணியில் வடிகட்டுவார். பிழியமாட்டார். நான் பார்த்துக்கொண்டு நிற்பதைக் கண்டு ஒரு சின்னக் கிண்ணத்தில் ஊற்றி, இரண்டு உப்புக்கல் போட்டு நீட்டினார்.

அந்தச் சீவலை அவர் பானையில் போட்டபோது எழுந்த வாசனையில் எனக்கு ஒரு நிமிடம் ஒன்றும் ஓடவில்லை. அது மாசி வாசனை.

கோவைக்காரரான உங்களுக்கு மாசி தெரிந்திருக்காது, சொல்கிறேன். நான் தூத்துக்குடிக்காரன். எங்கள் ஊர்த் தோணிகள் மாலத்தீவுக்குப் போய்வரும், இன்றும் போகின்றன. அங்கிருந்து வரும் மாசிக்கருவாடு. சூரை மீனைத் துண்டுபோட்டு, வேகவைத்து, புகையில் காட்டி, வெயிலில் காயவைத்துக் கல்லாக்கிய பண்டம். கையில் எடுத்தால் கருங்காலிக் கட்டை என்றே நினைப்பீர்கள். பதினான்காம் நூற்றாண்டில் மாலத்தீவில் தங்கியிருந்த இப்னு பதூதா இதைப் பற்றி எழுதியிருக்கிறார். அப்போதே இந்தியாவுக்கும் சீனத்துக்கும் ஏமனுக்கும் இது ஏற்றுமதியானது. கட்சுவோபுஷியும் அதே சூரை இனந்தான். வேகவைத்து, முள் நீக்கி, திரும்பத் திரும்பப் புகை போட்டு, உயர்ந்த ரகமானால் அதன் மேல் பூஞ்சணம் பிடிக்கவிட்டு, வெயிலில் காயவைத்து, மறுபடி பூஞ்சணம் பிடிக்கவிட்டு என்று மாதக்கணக்கில் வேலை. இரண்டு துண்டுகளைத் தட்டினால் மரம் மரத்தில் மோதும் சத்தம் கேட்கும்.

என் ஆச்சி மாசியை உரலில் இடித்து, தேங்காய்ப்பூ, வற்றல் மிளகாய், சின்ன வெங்காயம் சேர்த்துச் சம்பல் செய்வாள். கஞ்சிக்கு அது போதும். காய்ச்சல்காரனுக்கும் நாக்குக்கு உணக்கையாக அதைத்தான் கொடுப்பாள். கல்லூரி விடுதிக்கு ஒரு டப்பா நிறையக் கொடுத்துவிட்டாள். அறையில் திறந்தேன். பக்கத்துக் கட்டில்காரன் மூக்கைப் பொத்திக்கொண்டு நாலு அறைக்கும் கேட்கும்படி சத்தம் போட்டான். கூட்டம் கூடிவிட்டது. ஒருவன் ஒரு சிட்டிகை எடுத்து வாயில் போட்டுவிட்டு, செத்துவிழுவது போல் நடித்துக் காட்டினான். எல்லோரும் கைதட்டினார்கள். அவனையும் அன்று தைரியசாலி என்றுதான் சொன்னார்கள். அந்த டப்பாவை நான் பெட்டிக்கு அடியில் தள்ளிவிட்டேன். அதற்குப் பிறகு ஆச்சி கொடுத்தனுப்ப வந்தபோதெல்லாம், வேண்டாம் ஆச்சி, விடுதியிலேயே நல்ல சாப்பாடு என்று சொல்லிவிடுவேன். அவள் நம்பினாள்.

உங்கள் கடிதம் வந்த வாரத்தில் ஊரிலிருந்து மாசி வந்திருந்தது. உரல் இல்லை, மிக்சியில்தான் போட்டேன். அந்த விடுதியைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். அப்போது உங்கள் கடிதம்.

வீடியோவை நீங்கள் அனுப்பிய சுட்டியில் பார்த்தேன். நாட்டோவைத் தூக்கிப் பிடித்து முகத்தைச் சுளிக்கிறீர்கள். பின்னால் அந்த விடுதியில் பரிமாறும் அம்மாள் நிற்கிறார். உங்கள் முகத்தைப் பார்க்கிறார். அவருக்குத் தமிழ் தெரியாது, முகம் தெரியும். குரோமோனில் கடைக்காரப் பாட்டியிடம் கேட்காமல் அவர் முகத்துக்கு நேராகக் கேமராவை நீட்டுகிறீர்கள். அவர் கையால் மறைக்கிறார். நீங்கள் அதையும் விடாமல் படத்தில் வைத்திருக்கிறீர்கள். அந்த இரண்டு இடங்களையும் தயவுசெய்து இன்றே நீக்குங்கள். உங்களை எனக்குப் பிடித்திருப்பதால் சொல்கிறேன். நீங்கள் கெட்டவர் இல்லை, எடுக்கும்போது உங்களுக்கு அது உறைக்கவே இல்லை என்பதுதான் எனக்கு வருத்தம்.

திறந்த மனம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அன்று நீங்கள் சாப்பிட்டதில் முக்கால்வாசி உங்களைப் போன்றவர்களுக்காகவே குச்சியில் குத்தி வைத்திருப்பது. குரோமோனில் விலை ஏறிக் கிடப்பதைப் பற்றி உள்ளூர்க்காரர்களே புலம்புகிறார்கள். உங்கள் பட்டியலில் அந்த ஊர்க்காரன் திங்கட்கிழமை வேலைக்குப் போகும் வழியில் நின்றுகொண்டே சாப்பிடும் பண்டம் ஒன்றே ஒன்று. அதன் சூப்பைத்தான் கிண்ணத்திலேயே விட்டுவிட்டு வந்திருக்கிறீர்கள். 1908இல் டோக்கியோ ஏகாதிபத்தியப் பல்கலைக்கழகத்தின் இகேடா கிகுனாயே என்ற வேதியியலாளர் அதே கொன்புச் சாறை ருசித்துவிட்டு, இது இனிப்பும் இல்லை, புளிப்பும் இல்லை, உப்பும் இல்லை, கசப்பும் இல்லையே என்று உட்கார்ந்து ஆராய்ந்தார். அந்த ருசியைத் தரும் குளுட்டமேட்டைப் பிரித்தெடுத்தார். 1913இல் அவருடைய மாணவர் கோடாமா ஷின்டாரோ கட்சுவோபுஷியில் அதே மாதிரி ருசி தரும் இனோசினேட்டைக் கண்டுபிடித்தார். இரண்டும் ஒன்றாகச் சேரும்போது ருசி கூடுவதில்லை, பெருகுகிறது. பெரியவர் கொன்பை எடுத்த பிறகு மீன் சீவலைப் போட்டாரே, அதன் கணக்கு இதுதான். அவர் இகேடாவைப் படித்துவிட்டுச் செய்யவில்லை. அவருடைய அப்பா செய்தார், இவரும் செய்கிறார்.

நீங்கள் தின்ற மற்றவற்றிலும் இந்தச் சாறுதான் ஓடியிருக்கும். டகோயாகி மாவைக் கரைப்பதே டாஷி என்னும் இந்தச் சாறில்தான். பக்கத்து அகாஷி நகரத்தில் சாஸ் ஊற்றாமல் உருண்டையை டாஷியிலேயே முக்கிச் சாப்பிடுகிறார்கள். அடுத்த முறை அங்கே போய்ச் சாப்பிட்டுப் பாருங்கள். விநோதமாக என்ன சாப்பிடலாம் என்று கேட்டதற்கு என்னிடம் வேறு பதில் இல்லை. ஒரு நல்ல கிட்சுனே உடோன் வாங்குங்கள், மேலே பொரித்து, இனிப்பாக வேகவைத்த டோஃபு கிடக்கும். கிண்ணத்தை இரண்டு கையாலும் தூக்கிக் குடியுங்கள், அங்கே அதில் தப்பே இல்லை. கேமராவைப் பையில் வைத்துவிட்டுக் குடியுங்கள்.

அம்மாவைப் பற்றி. டாஷி எல்லாவற்றிலும் இருக்கிறது என்றேன் அல்லவா, சிக்கலே அதுதான். காய்கறி மட்டும் என்று நம்பி வாங்கும் கிண்ணத்திலும் மீன் சாறு இருக்கும். ‘இறைச்சி வேண்டாம்’ என்று சொன்னால் கடைக்காரருக்கு மீன் சாறு ஞாபகத்துக்கு வராது, கட்சுவோ டாஷி வேண்டாம் என்று ஜப்பானிய மொழியிலேயே ஒரு அட்டையில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ஒசாகாவில் இரண்டு நாளுக்கு மேல் வைத்து அம்மாவைக் கஷ்டப்படுத்தாதீர்கள். நம்பாவிலிருந்து நன்காய் ரயிலில் ஏறினால் கோயாசான் மலைக்குப் போய்விடலாம், கடைசித் துண்டுக்குக் கேபிள் கார் இருக்கிறது. கூகாய் ஒன்பதாம் நூற்றாண்டில் நிறுவிய பௌத்தத் தலம். அங்கே சுமார் 50 கோயில்களில் தங்க இடமும் சாப்பாடும் கொடுக்கிறார்கள். ஷோஜின் என்னும் மடத்துச் சமையல், மீனும் இறைச்சியும் கிடையாது, வெங்காயம் பூண்டும் சேர்க்கமாட்டார்கள். கொன்பிலும் காய்ந்த ஷீட்டாக்கே காளானிலும் எடுத்த சாறு. உங்கள் அம்மாவுக்கு அது ஒத்துப்போகும் என்றே நினைக்கிறேன். அறையை முன்பே பதிவு செய்துவிடுங்கள், மாலையில் சாப்பாட்டு நேரத்துக்குள் போய்ச் சேர வேண்டும். தரையில் உட்கார்ந்து சாப்பிட முடியாவிட்டால் நாற்காலி உள்ள கோயிலாகக் கேட்டு வாங்குங்கள். ஜனவரியில் மட்டும் அழைத்துப் போகாதீர்கள். மலை 800 மீட்டர் உயரம், பனி கொட்டும். ஏப்ரல் கடைசியோ அக்டோபரோ பாருங்கள்.