ஒரு தாளில் 21 மதிப்பெண் இருந்தால் விவாகரத்து கிடைத்துவிடுமா?

கேள்வி: பவானியில் ஜமக்காளத் தறி வைத்திருக்கிறேன். மகளுக்குப் பிரசவமாகி மூன்றாம் மாதம், அவள் ஓயாமல் அழுகிறாள் என்று டாக்டரிடம் காட்டினோம். வெளியே உட்கார்ந்திருக்கும்போதே ஒரு தாளைக் கொடுத்து நிரப்பச் சொன்னார்கள். 27க்கு 21, 'கடுமையான மனச்சோர்வு' என்று எழுதியிருந்தது. இப்போது மாப்பிள்ளை அந்தத் தாளை வைத்து, மனநோய் என்று விவாகரத்து மனு போட்டிருக்கிறார். மகள் இன்னும் மாத்திரை சாப்பிடுகிறாள். நிறுத்திவிட்டு, நோயே இல்லை என்று சொல்லிவிடலாமா?

பதில்: வேண்டாங்கய்யா, இரண்டுமே வேண்டாம். அந்தத் தாள் PHQ-9 என்ற மனச்சோர்வு வினாத்தாள்; ஒன்பது கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண். முதலில் அதன் ஒன்பதாவது கேள்வியைப் பாருங்கள். செத்துப்போகலாம் என்ற நினைப்பு வருகிறதா என்று கேட்பது அதுதான். அதில் மகள் 1 என்று குறித்திருந்தாலும் இன்றைக்கே டாக்டரிடம் பேசுங்கள். ராத்திரி என்றால் அரசின் மனநல உதவி எண் 14416-க்கு அழைக்கலாம், தமிழில் பேசுவார்கள். வழக்கெல்லாம் அப்புறம்.

இனி சட்டம். இந்து திருமணச் சட்டம் 13(1)(iii) நோயின் பெயரைப் பார்ப்பதில்லை, அளவைப் பார்க்கிறது. கூட வாழச் சொல்வது நியாயமே இல்லை என்ற அளவுக்கு நோய் முற்றியிருக்க வேண்டும். நோய் இருப்பது மட்டும் போதாது, அதன் தீவிரம்தான் முக்கியம் என்று 1988-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. நிரூபிக்க வேண்டியவர் மாப்பிள்ளை. அதனால் சிகிச்சையை மறைக்காதீர்கள். மருந்துச் சீட்டு ஒன்று வெளியே வந்தாலே, நீங்கள் சொன்ன மற்ற உண்மையும் நிற்காது.

சரி, தீவிரத்தை எப்படி அளப்பது? அந்தத் தாள், யாரை டாக்டர் உட்காரவைத்து விசாரிக்க வேண்டும் என்று சலித்தெடுக்க உதவுவது. 'தூக்கம் சரியில்லை' என்பதற்கு மகள் 3 போட்டிருப்பாள். மூன்று மாதக் குழந்தை ராத்திரி நாலு தடவை எழுப்பினால் யாருக்குத்தான் தூக்கம் இருக்கும்? தாளுக்கு அது தெரியாது. நேர்முக விசாரணையில் தெரிந்துவிடும். டாக்டர் நேரில் கேட்டு மனச்சோர்வுக்கு மதிப்பெண் போடும் ஹாமில்டன் அளவுகோலில் 17 கேள்விகள், மொத்தம் 52 மதிப்பெண். தூக்கத்துக்கு மட்டும் மூன்று கேள்விகள்: படுத்ததும் தூக்கம் வருகிறதா, நடுவில் விழிக்கிறாளா, விடியுமுன்னே விழித்துவிட்டுத் தூங்க முடியாமல் கிடக்கிறாளா. குழந்தை தூங்கும்போதும் இப்படித்தானா என்று டாக்டர் துருவிக் கேட்பார். ஆனால் ஆளுக்கொரு மாதிரி கேட்டால் மதிப்பெண்ணும் ஆளுக்கொன்றாக வரும். அதற்காகவே 1988-ல் கேள்விகளை வரிசைப்படுத்தி, எந்த வார்த்தையில் கேட்க வேண்டும் என்று எழுதிய வழிகாட்டி வந்தது.

ஆகவே கோவையிலோ பெருந்துறையிலோ அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போய், அப்படிக் கட்டமைத்த நேர்முக விசாரணை நடத்தி எழுதித் தரச் சொல்லுங்கள். சில வாரம் கழித்து அதே அளவுகோலில் இன்னொரு முறை. குறைந்துவருவது தெரிந்தால் அதைவிடப் பலமான சாட்சி இல்லை. பழைய மருத்துவப் பதிவுகளைக் கேட்டு வாங்க, மனநல மருத்துவச் சட்டம் 2017, பிரிவு 25 மகளுக்கு உரிமை தருகிறது.

அதே சட்டத்தின் பிரிவு 105-ஐ வக்கீலிடம் மறக்காமல் சொல்லுங்கள். மனநோய்க்கு ஆதாரம் என்று ஒரு தரப்பு கொடுத்ததை மறுதரப்பு எதிர்த்தால், நீதிமன்றம் அதை ஆராய்ந்து கருத்துச் சொல்லும்படி மனநல மறுஆய்வு வாரியத்துக்கு அனுப்பியே ஆக வேண்டும். எதிர்ப்பை எழுத்தில் வையுங்கள். வக்கீல் செலவுக்கு யோசிக்க வேண்டாம். பெண் என்பதால், வருமானம் பார்க்காமல், ஈரோடு மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் இலவசமாகவே கிடைக்கும்.

அந்த டாக்டர் கூண்டேறினால் நான் முதலில் கேட்பது இதுதான்: "தாளை மகளே நிரப்பினார். அதன்பிறகு நீங்கள் அவரிடம் எத்தனை நிமிடம் பேசினீர்கள்?"