தவணை வரவில்லை என்று எழுதுபவர்களுக்கு

இந்த வாரக் கடிதங்களில் முக்கால்வாசி பிஎம் கிசான் பற்றித்தான், அதாவது சொந்த நிலம் உள்ள விவசாயக் குடும்பத்துக்கு மத்திய அரசு வருடத்துக்கு மூன்று தவணையாக, தவணைக்கு 2,000 ரூபாய் போடும் திட்டம்.

கேள்வி: ஆதார் இணைத்தாயிற்று, இ-கேஒய்சி என்கிற அடையாளச் சரிபார்ப்பும் முடிந்தது. இரண்டு தவணையாகப் பணம் வரவில்லை.

கணக்கில் ஆதார் எண்ணைச் சேர்ப்பது வேறு, அரசுப் பணம் அந்தக் கணக்குக்கு வரும்படி 'சீடிங்' செய்வது வேறு. வங்கிக்குப் போய், வங்கிகளுக்கிடையே பணம் அனுப்பும் அமைப்பான என்பிசிஐயில் உங்கள் ஆதார் எந்த வங்கியைக் காட்டுகிறது என்று கேளுங்கள். நூறு நாள் வேலைக்காக எப்போதோ தொடங்கி மறந்துபோன கணக்கில் பணம் ஏறிக் கிடக்கலாம்.

கேள்வி: நானும் மனைவியும் தனித்தனிப் பட்டா வைத்திருக்கிறோம். இருவருக்கும் வருமா?

வராது. கணவன், மனைவி, 18 வயது ஆகாத பிள்ளைகள் எல்லாம் சேர்ந்து ஒரு குடும்பம். குடும்பத்துக்கு வருடம் 6,000, அவ்வளவுதான்.

கேள்வி: அப்பா 2022-இல் காலமானார். நான் சேர முடியுமா?

முடியும். 1.2.2019-க்குப் பிறகு வாங்கிய நிலத்துக்குத்தான் கிடையாது, வாரிசாக வந்த நிலத்துக்கு உண்டு. முதலில் வாரிசுச் சான்றை வைத்துப் பட்டாவை உங்கள் பெயருக்கு மாற்றுங்கள். அப்பா கணக்கில் இன்னும் தவணை ஏறினால் தொடாதீர்கள், பின்னால் திருப்பிக் கேட்பார்கள்.

கேள்வி: சார், பணம் எப்போ வரும்?

எந்தத் திட்டம், எந்த ஊர், எந்தத் தவணை, ஒன்றும் எழுதவில்லை. ஆதார் எண்ணை மட்டும் முழுசாக எழுதியிருக்கிறீர்கள். 2020-இல் இடைத்தரகர்கள் கொரோனா நிவாரணம் என்று சொல்லி ஆதாரும் வங்கிக் கணக்கு எண்ணும் வாங்கித்தான், விவசாயமே செய்யாதவர்கள் உட்பட சுமார் 5.5 லட்சம் பேரைத் தமிழ்நாட்டில் இந்தத் திட்டத்துக்குள் நுழைத்தார்கள். போனது 110 கோடி. அப்புறம் அரசு அந்த மக்களிடமிருந்தே திரும்ப வசூலித்தது. ஆதார், ஓடிபி இரண்டையும் யாருக்கும் அனுப்பாதீர்கள், எனக்கும்தான்.

கேள்வி: மன்னார்குடி பக்கம் 4 ஏக்கர் குத்தகைக்கு உழுகிறேன். சென்னையில் இருக்கும் நிலக்காரருக்கு 2,000 வருகிறது, எனக்கு ஏன் இல்லை?

பட்டா அவர் பெயரில் இருப்பதுதான் காரணம், வேறு எதுவும் இல்லை. நாற்றங்கால் விடுவதிலிருந்து கடன் வாங்கி உரம் போடுவது, மழையில் சாய்ந்த கதிரை அறுக்க ஆள் தேடி அலைவது வரை நீங்கள், தவணை மட்டும் அவருக்கு என்பது அநியாயம், இதை நான் எத்தனை தடவை வேண்டுமானாலும் எழுதுவேன். முடியாத காரியமும் இல்லை, ஒடிசா மாநிலம் காலியா என்ற தன் விவசாயி உதவித் திட்டத்தில் குத்தகைக்கு உழுபவரையும் சேர்த்துத்தான் தொடங்கியது. இங்கே குத்தகை உரிமையைப் பதிய 1969-லேயே சட்டம் வந்துவிட்டது, தாசில்தாரிடம் மனுக் கொடுக்கலாம். ஆனால் பதிந்தால் நிலம் கையைவிட்டுப் போய்விடும் என்று நிலக்காரர் பயப்படுகிறார், கேட்டால் அடுத்த போகத்துக்கு நிலம் கிடைக்காதே என்று நீங்கள் பயப்படுகிறீர்கள், வாய்ப்பேச்சிலேயே வருடங்கள் ஓடிவிடுகின்றன.

பயிர்க் காப்பீட்டில் உங்களுக்கு இடம் உண்டு. சம்பாவுக்கு நீங்கள் கட்டுவது காப்பீட்டுத் தொகையில் 1.5 சதவீதம்தான். எந்த நிலத்தில் யார் என்ன பயிர் செய்கிறார் என்று காட்டும் அடங்கலை விஏஓ கொடுக்கும்போது அங்கேயே நின்று சர்வே எண், பரப்பு, சாகுபடி செய்பவர் பெயர் மூன்றையும் படித்துப் பாருங்கள். அதில் நிலக்காரர் பெயர் இருந்தால் இழப்பீடும் அவருக்குத்தான் போகும். ரசீதைப் பத்திரமாக வையுங்கள்.

கேள்வி: சொட்டுநீருக்கு எவ்வளவு மானியம்?

சிறு, குறு விவசாயிக்கு 5 ஏக்கர் வரை 100 சதவீதம், மற்றவர்களுக்கு 75. தாசில்தாரின் சிறு விவசாயி சான்று கைக்கு வந்த பிறகு கம்பெனி ஆளைக் கூப்பிடுங்கள். அவர் ஓடிபி கேட்டால், எதற்கென்று தெரியாமல் சொல்லாதீர்கள்.